இரட்டை அவுட்போர்டுக்குப் புது புரொப்பல்லர்: ஒன்றா, இரண்டா, எந்தப் பிட்ச்?

கரையோரன்:
வணக்கம் நண்பர்களே. ஒரு வாரமாக இதே யோசனையாகத்தான் இருக்கிறேன், நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும்.

என்னுடையது 25 அடி ஃபைபர் படகு, அடிப்பகுதி வி வடிவம். பின்னணியத்தில் வெளியே மாட்டிய 150 குதிரைத்திறன் நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் இரண்டு. படகை வாங்கியபோதே மாட்டியிருந்த மூன்று இறக்கை அலுமினியப் புரொப்பல்லர்தான் இன்றுவரை ஓடுகிறது. இரண்டிலும் 17 பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம், அங்குலத்தில்) என்று முத்திரை இருக்கிறது.

போன வாரம் விடியற்காலையில் வரும்போது வலப்பக்க எஞ்சின் ஏதோ மிதவைக் கட்டையில் இடித்துவிட்டது. ஓர் இறக்கையின் நுனி கை அகலத்துக்குப் பெயர்ந்து போயிற்று, இன்னொன்று பின்பக்கமாக மடங்கியிருக்கிறது. அதிர்வு தாங்காமல் அந்த எஞ்சினை அணைத்துவிட்டு மற்றதை வைத்துக்கொண்டே கரை சேர்ந்தேன். த்ராட்டிலை (வேகக் கைப்பிடியை) முழுசாகத் தள்ளிப் பார்த்தும் எஞ்சின் நிமிடத்துக்கு 3600 சுற்றைத் தாண்டவில்லை, படகும் தண்ணீர் மேல் எழுந்து ஓடவில்லை, முனகிக்கொண்டே வந்தது.

கேள்வி இதுதான். வலப்பக்கத்துக்கு மட்டும் அதே 17 பிட்சில் ஒன்று வாங்கி மாட்டினால் போதுமா? இல்லை இரண்டையும் மாற்ற வேண்டுமா? மாற்றுவதாக இருந்தால் அலுமினியமா ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா?

உப்புக்காற்று:
முதலில், நல்லபடியாகக் கரை சேர்ந்தீர்களே, அது போதும்.

ஆனால் ஒன்று. ஒற்றை எஞ்சினில் த்ராட்டிலை முழுசாகத் தள்ளினீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், இனி அப்படிச் செய்யாதீர்கள். 17 பிட்ச் என்பது இரண்டு எஞ்சின் சேர்ந்து படகைத் தூக்கி ஓட்டுவதற்காகப் போட்ட அளவு. ஒன்று மட்டும் தள்ளும்போது அது அந்த எஞ்சினுக்குத் தாங்காத பாரம். கனமான மூட்டையைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு மேட்டில் பெரிய கியரில் மிதிப்பது மாதிரி. காற்றும் எரிபொருளும் நிறைய உள்ளே போகும், சுற்று ஏறாது, பிஸ்டன் சூடாகும். ஒற்றை எஞ்சினில் வரும்போது படகு மூக்கைத் தூக்க ஆரம்பிக்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழேயே த்ராட்டிலை நிறுத்துங்கள். அணைத்த எஞ்சினைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடுங்கள், இழுவை குறையும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். எண் இல்லாமல் புரொப்பல்லர் சொல்வது நாடி பிடிக்காமல் மருந்து கொடுப்பது மாதிரி. இவற்றைச் சொல்லுங்கள்: இடிபடுவதற்கு முன்பு முழு த்ராட்டிலில் ஒவ்வொரு எஞ்சினும் எத்தனை சுற்று காட்டியது? ஜிபிஎஸ் வேகம் எவ்வளவு? ஆளில்லாமல் எவ்வளவு, முழுப் பாரத்தோடு எவ்வளவு? கையேட்டில் முழு த்ராட்டில் சுற்று வரம்பு என்ன, கியர் விகிதம் என்ன? அப்புறம், படகின் அடி சுத்தமாக இருந்ததா? பாசியும் சிப்பியும் ஒட்டிய படகில் எடுத்த எண்ணை வைத்துப் புரொப்பல்லர் தேர்ந்தெடுத்தால், அடியைச் சுரண்டிய மறுநாளே எல்லாம் மாறிப்போகும்.

கரையோரன்:
எண்கள் இருக்கின்றன, குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. கையேட்டில் வரம்பு 5000 முதல் 6000 சுற்று. கியர் விகிதம் 2.00, அதாவது எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால் புரொப்பல்லர் ஒரு சுற்று.

இரண்டு பேர், பாதி டேங்க்: இடப்பக்கம் 5150, வலப்பக்கம் 5450, வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர்.
எட்டுப் பேர், முழு டேங்க், ஐஸ் பெட்டி எல்லாம்: இடப்பக்கம் 4950, வலப்பக்கம் 5200, வேகம் 52.

அடியைச் சுத்தம் செய்து சில நாட்களுக்குள் எடுத்த எண்கள்தான். நீரோட்டம் இருந்ததால் போக ஒரு முறை, வர ஒரு முறை ஓட்டிச் சராசரி எடுத்தேன். இரண்டுக்கும் 250, 300 சுற்று வித்தியாசம் எப்போதும் உண்டு, மீட்டர் கோளாறு என்று நினைத்து விட்டுவிட்டேன்.

சுழலி:
மீட்டர் கோளாறு இல்லை என்று நினைக்கிறேன். ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன்.

பிட்ச் என்றால், புரொப்பல்லர் மரத்தில் ஏறும் திருகு மாதிரி வழுக்காமல் போனால் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேறும் என்ற எண். 17 பிட்ச் என்றால் 17 அங்குலம். தண்ணீர் மரம் இல்லை, கொஞ்சம் வழுக்கும். அந்த வழுக்கல்தான் ஸ்லிப். கணக்கு சுலபம்: எஞ்சின் சுற்றைப் பிட்சால் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்து, 0.001524-ஆல் பெருக்கினால் வழுக்கல் இல்லாத வேகம் கிலோமீட்டரில் வரும்.

உங்கள் வலப்பக்கம்: 5450 சுற்று, 17 பிட்ச், விகிதம் 2. விடை 70.6. படகு ஓடியது 58. ஆக ஸ்லிப் கிட்டத்தட்ட 18 சதவீதம்.
இடப்பக்கம்: 5150 சுற்று. விடை 66.7. ஸ்லிப் 13 சதவீதம்.

இரண்டும் ஒரே படகில், ஒரே வேகத்தில், ஒரே தண்ணீரில் ஓடுகின்றன. ஒன்று 18, இன்னொன்று 13 என்று வழுக்கக் காரணமே இல்லை. எனவே இரண்டும் ஒரே பிட்ச் இல்லை என்றுதான் சந்தேகப்பட வேண்டும். 17-ஐ 5450-ஆல் பெருக்கி 5150-ஆல் வகுத்தால் 18 வருகிறது. அதாவது இடப்பக்கப் புரொப்பல்லர் மேல் 17 என்று அடித்திருந்தாலும் அது 18 மாதிரி நடந்துகொள்கிறது. பாரம் ஏற்றிய எண்களிலும் கிட்டத்தட்ட இதே விகிதம்தான். இடப்பக்க இறக்கைகளின் பின் விளிம்பைக் கையால் தடவிப் பாருங்களேன்.

கரையோரன்:
இப்போதுதான் கழற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன். நீங்கள் சொன்னது சரி!

இடித்த இடத்தை விட்டுவிட்டால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. விரலை விட்டுத் தடவினால்தான் தெரிகிறது. வலப்பக்கத்தில் கெடாத இறக்கையின் பின் விளிம்பு நேராக முடிகிறது. இடப்பக்கத்தில் மூன்று இறக்கையிலும் பின் விளிம்பு கரண்டி உதடு மாதிரி லேசாக வளைந்திருக்கிறது. வளைவு மூன்றிலும் ஒரே அளவாகவும் இல்லை. பெயின்ட்டைச் சுரண்டினால் ஓரமாகச் சுத்தியல் தடம் தெரிகிறது. முன்பு வைத்திருந்தவர் எப்போதோ எங்கேயோ தட்டி நேராக்கியிருக்கிறார் போல.

உப்புக்காற்று:
அதைத்தான் கப் என்போம். வேண்டுமென்றே வைக்கிற கப் நல்லது. இறக்கை தண்ணீரை இறுக்கிப் பிடிக்கும், காற்று இழுக்காது, எஞ்சினைக் கொஞ்சம் உயர்த்தி மாட்டலாம். ஆனால் சுற்று குறையும். பிட்சை ஒன்று ஏற்றிய மாதிரி ஆகிவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான். பழுது பார்க்கும்போது யாரோ தெரியாமல் கப் வைத்துவிட்டார்கள்.

தட்டி நிமிர்த்திய அலுமினியத்தை நான் உதிரியாக மட்டும்தான் வைத்துக்கொள்வேன். ஒவ்வொரு முறை சூடாக்கித் தட்டும்போதும் அது பலவீனமாகும். ஸ்டீலாக இருந்தால் பிட்ச் அளக்கும் அச்சு வைத்திருக்கிற நல்ல பட்டறையில் வெல்ட் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம்.

ஆக முதல் கேள்விக்குப் பதில்: இரண்டையும் மாற்றுங்கள், ஒரே வகையில், ஒரே நேரத்தில். இரட்டை எஞ்சின் என்பது ஏர் மாட்டு ஜோடி மாதிரி. ஒன்று வேகமாக நடந்தால் மற்றதன் கழுத்தில்தான் நுகம் இறங்கும். இத்தனை நாளும் உங்கள் இடப்பக்க எஞ்சின்தான் கூடுதல் பாரம் இழுத்திருக்கிறது.

இரண்டாவது, 17 உங்களுக்கு அதிகம். எட்டுப் பேரோடு 4950 என்பது வரம்புக்கு வெளியே. வரம்பு 5000 முதல் 6000 என்றால் அதன் அடியைத் தொட்டால் போதும் என்று பொருள் இல்லை. வழக்கமான பாரத்தில் 5500-க்கு மேல் வர வேண்டும், ஆளில்லாமல் ஓட்டும்போது 6000-ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும். ஓர் அங்குலம் பிட்ச் குறைத்தால் சுமார் 150 முதல் 200 சுற்று ஏறும். கணக்குப்படி உங்களுக்கு 15 வருகிறது.

கரையோரன்:
15-ஆ? வேகம் குறைந்துவிடாதா? 17 முன்னே தள்ளுகிற தூரம் 15 தள்ளாதே.

உப்புக்காற்று:
எல்லோரும் இந்த இடத்தில்தான் தயங்குவார்கள், நானும் தயங்கியிருக்கிறேன். எஞ்சின் தன் முழுச் சக்தியைத் தருவது அந்த வரம்பின் மேல் பாதியில். 5150-இல் திணறுகிற எஞ்சின் 150 குதிரைத்திறனைக் கொடுப்பதே இல்லை. பிட்ச் குறைந்தால் ஒரு சுற்றுக்குப் போகும் தூரம் குறையும், ஆனால் சுற்று ஏறும். இரண்டும் கிட்டத்தட்டச் சரிக்கட்டிவிடும். பாரம் ஏற்றினால் 15 உங்கள் 17-ஐவிட வேகமாகவே ஓடக்கூடும். மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

புதுத்துடுப்பு:
இடையில் ஒரு சந்தேகம், தவறாக நினைக்க வேண்டாம். நானும் இரட்டை எஞ்சின் படகு ஒன்று வாங்கியிருக்கிறேன். கடையில் வலச்சுற்றுப் புரொப்பல்லர்தான் சுலபமாகக் கிடைக்கிறது. இரண்டிலும் அதையே மாட்டக்கூடாதா?

உப்புக்காற்று:
உங்கள் இரண்டு எஞ்சினும் ஒரே திசையில் சுற்றுபவையா, எதிரெதிரா என்பதைப் பொறுத்தது தம்பி. சிறிய எஞ்சின்களில் இரண்டுமே வலச்சுற்றாக இருக்கும். அப்போது இரண்டுக்கும் ஒரே புரொப்பல்லர்தான். பெரிய எஞ்சின் ஜோடிகளில் பெரும்பாலும் இடப்பக்க எஞ்சினின் கியர் பெட்டி எதிர்ச்சுற்றாக இருக்கும். பின்னாலிருந்து பார்த்தால் வலப்பக்கம் கடிகார முள் போகிற திசையில் சுற்றும், இடப்பக்கம் அதற்கு எதிராக. ஒன்றின் இழுப்பை மற்றது ரத்து செய்வதால் சுக்கான் ஒரு பக்கம் இழுக்காது.

எதிர்ச்சுற்று கியர் பெட்டியில் வலச்சுற்றுப் புரொப்பல்லரை மாட்டினால் முன் கியர் போட்டதும் அந்தப் பக்கம் பின்னால் தள்ளும். சிலர் அதற்குக் கேபிளை மாற்றிக் கட்டி, ரிவர்ஸ் கியரிலேயே முன்னே ஓட்டப் பார்க்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். ரிவர்ஸ் பக்கத்துப் பேரிங் மணிக்கணக்கில் முழு உந்துவிசையைத் தாங்குவதற்குச் செய்ததில்லை.

எந்தச் சுற்று என்று கண்டுபிடிப்பது எளிது. புரொப்பல்லரை மேசை மேல் ஹப் (நடு உருளை) அடியில் இருக்கும்படி நிறுத்துங்கள். உங்களைப் பார்த்திருக்கும் இறக்கை இடமிருந்து வலமாக மேலே ஏறினால் வலச்சுற்று. சாதாரணத் திருகின் மரை எப்படி ஏறுகிறதோ அப்படியே.

நீரோட்டம்:
நான் ஒன்று சொல்கிறேன், கரையோரன். எது வாங்கினாலும் ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். அலுமினிய இறக்கை பாரம் ஏறும்போது வளைந்து கொடுக்கும். 15 என்று நினைத்து ஓட்டுவீர்கள், அழுத்தத்தில் அது 14 ஆகிவிடும். ஸ்டீல் மெல்லியது, விறைப்பானது, தண்ணீரைக் கத்தி மாதிரி வெட்டும். 150 குதிரைத்திறனுக்கு அலுமினியம் போடுவது எஞ்சினுக்குச் செய்கிற அவமரியாதை.

வலைக்காரி:
அவர் இப்போதுதான் கட்டையில் இடித்து வந்திருக்கிறார். அலுமினியமாக இருந்ததால் இறக்கை பெயர்ந்தது. ஸ்டீலாக இருந்தால் அந்த இடி எங்கே போயிருக்கும்? கியர் பெட்டிக்குள்ளே. நான் ஆழமில்லாத, பாறை உள்ள தண்ணீரில்தான் தொழில் செய்கிறேன். வருஷத்துக்கு ஒரு ஜோடி அலுமினியம் கெட்டாலும் பரவாயில்லை, கியரைப் பிரிக்க வேண்டாம்.

உப்புக்காற்று:
இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கியர் பெட்டியைக் காப்பது முக்கியமாக இறக்கை இல்லை, ஹப். புரொப்பல்லரின் உள்ளே ரப்பர் புஷ்ஷோ பிளாஸ்டிக் உறையோ இருக்கும். இடி விழுந்தால் அது முறுக்கிக்கொண்டோ கிழிந்தோ அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். அலுமினியத்துக்கும் ஸ்டீலுக்கும் அது பொது. மெதுவாகப் போகும்போது உரசினால் அலுமினியம் தேய்ந்து தப்பிக்கும், ஸ்டீலுக்கு ஒன்றுமே ஆகாது. முழு வேகத்தில் பாறையில் இடித்தால் எதுவுமே உத்தரவாதம் இல்லை, அப்போது ஸ்டீலில் ஆபத்து கூடுதல் என்பதும் உண்மைதான்.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான்: எங்கே ஓட்டுகிறீர்கள்? பாறையும் மணல் திட்டுமாக இருந்தால் வலைக்காரி அக்கா சொல்வதுபோல் அலுமினியம். ஆழக் கடலில் தூரம் போனால் ஸ்டீல்.

ஆமாம் கரையோரன், ஹப்பைப் பார்த்தீர்களா? இடித்த புரொப்பல்லரில் இறக்கை மட்டும்தான் போயிற்று என்று நினைத்துவிடாதீர்கள். ஹப் வழுக்க ஆரம்பித்தால் மெதுவாக ஓடும்போது எல்லாம் சரியாக இருக்கும். த்ராட்டில் தள்ளினால் எஞ்சின் மட்டும் கத்தும், படகு அதே இடத்தில் நிற்கும். அதைப் பார்த்துவிட்டுப் பிட்ச் குறைவு என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

கரையோரன்:
எங்களுக்கு ஆழம்தான், கரைக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் மணல். மிதவைக் கட்டை எப்போதாவது வரும்.

ஹப் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் கழற்றியபோது வேறு ஒன்று பார்த்தேன், நெஞ்சு திக்கென்றது. வலப்பக்கத்தில், புரொப்பல்லர் கியர் பெட்டியில் உரசாமல் தாங்கும் த்ரஸ்ட் வாஷருக்குப் பின்னால், தண்டைச் சுற்றித் தூண்டில் நரம்பு. ஏழெட்டுச் சுற்று இறுகி, சூட்டில் உருகி, கண்ணாடி வளையம் மாதிரி ஆகிவிட்டது. கத்தியால் அறுக்கப் பார்த்தேன், முடியவில்லை. கடைசியில் கொறடாவால் துண்டு துண்டாகப் பிடுங்கினேன்.

உப்புக்காற்று:
உடனே கியர் எண்ணெயைப் பாருங்கள். கீழ்த் திருகைக் கொஞ்சம் தளர்த்தினாலே தெரிந்துவிடும். பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். தெளிவாக வந்தால் கொடுத்து வைத்தவர்.

கரையோரன்:
தெளிவாகத்தான் இருக்கிறது. முதலில் ஒரே ஒரு சொட்டு மங்கலாக வந்தது, உயிர் போய் வந்தது. அப்புறம் நல்ல எண்ணெய். திருகின் வாஷரை மாற்றி மூடிவிட்டேன்.

நாலிறக்கை:
இத்தனை பேர் பேசியும் நாலு இறக்கையை யாரும் சொல்லவில்லையே. எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு அலையில் போகிற படகுக்கு அதுதான் சரி. மூன்று இறக்கை உச்ச வேகத்தில் கொஞ்சம் முந்தும், அவ்வளவுதான். நாலு இறக்கை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், படகு சீக்கிரம் எழும், எழுந்த பிறகு வேகத்தைக் குறைத்தாலும் உட்காராது. அதிர்வும் குறைவு. அதே பிட்சில் மாட்டினால் சுற்று ஓரளவு குறையும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுழலி:
நாலு நல்லது என்றால் ஐந்து, ஆறு என்று போகலாமே என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். இறக்கைப் பரப்பு கூடக் கூட உரசலும் கூடும். பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் 1836-இல் கப்பலுக்கான திருகுக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய மரத் திருகு இரண்டு முழுச் சுற்று நீளம். 1837-இல் லண்டனில் ஒரு கால்வாயில் சோதனை ஓட்டம் விட்டபோது திருகில் பாதி உடைந்து விழுந்தது. படகு நிற்கவில்லை, முன்னைவிட வேகமாக ஓடியது. தேவைக்கு மேல் இருந்த பரப்பு அதுவரை பிரேக் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. எஞ்சினின் சக்திக்கும் படகின் பாரத்துக்கும் தேவையான பரப்பு எவ்வளவோ அவ்வளவு இருந்தால் போதும்.

வலைக்காரி:
நாலிறக்கை சொல்வதை நானும் ஒத்துக்கொள்கிறேன், இரட்டை எஞ்சினில் இன்னொரு காரணமும் உண்டு. எஞ்சின் ஒற்றையாக இருந்தால் படகின் நடுவே, ஆழமான இடத்தில் தொங்கும். இரண்டாக இருந்தால் நடுவிலிருந்து விலகி, வி-யின் சரிவில், கொஞ்சம் மேலே நிற்கும். வேகமாகத் திரும்பினால் படகு உள்பக்கம் சாயும், வெளிப்பக்க எஞ்சின் மேலே எழும். அப்போது அது மேலேயிருந்து காற்றை இழுத்துக்கொண்டு கத்தும். கையேட்டில் வென்டிலேஷன் என்று போட்டிருப்பார்கள். நாலு இறக்கையும் நல்ல கப்பும் இருந்தால் அந்தத் திருப்பத்திலும் பிடி விடாது.

இதையே பலர் கேவிட்டேஷன் என்கிறார்கள், அது வேறு. இறக்கையின் முதுகில் அழுத்தம் இறங்கித் தண்ணீர் சாதாரணச் சூட்டிலேயே கொதித்துக் குமிழி விடுவது. அந்தக் குமிழிகள் உடையும்போது உலோகத்தை அரிக்கும். உங்கள் பழைய இறக்கையில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள் இருக்கின்றனவா?

கரையோரன்:
இடப்பக்கத்தில் இருக்கின்றன, அந்தச் சுத்தியல் அடித்த இடத்தை ஒட்டி. வலப்பக்கத்தில் இல்லை.

உப்புக்காற்று:
விளிம்பு ஒழுங்கில்லாமல் வளைந்தால் அந்த இடத்தில் அரிக்கும். கணக்கு எல்லாம் ஒத்துப் போகிறது.

இனி வாங்குவதற்கு முன் மாட்டிப் பாருங்கள். தெரிந்தவர்களிடம் ஒரு ஜோடி இரவல் கிடைத்தால் நல்லது. சில கடைகளில் கீறல் விழாமல் திருப்பிக் கொடுத்தால் மாற்றிக் கொடுப்பார்கள். மாட்டும்போது கியரை நியூட்ரலில் வைத்து, சாவியையும் பாதுகாப்புக் கயிற்றின் கிளிப்பையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இறக்கைக்கும் மேல் தட்டுக்கும் நடுவே மரக்கட்டை கொடுத்துத்தான் நட்டைத் திருப்ப வேண்டும். கையால் இறக்கையைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள். தண்டின் பற்களில் கடல் கிரீஸ் தாராளமாகத் தடவுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை கழற்ற வராது. த்ரஸ்ட் வாஷரை மறந்தாலோ திருப்பிப் போட்டாலோ ஹப் கியர் பெட்டியை உரசித் தின்றுவிடும். நட்டைக் கையேட்டில் சொன்ன முறுக்கத்துக்கு இறுக்கி, நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னைப் புதிதாகப் போடுங்கள்.

கரையோரன்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். காற்று அடங்கக் காத்திருந்தேன். இரண்டு ஜோடி மாட்டிப் பார்த்துவிட்டேன். இரண்டிலும் வலம் ஒன்று, எதிர்ச்சுற்று ஒன்று.

முதல் ஜோடி மூன்று இறக்கை அலுமினியம், 15 பிட்ச், இரவல் வாங்கியது. இரண்டு பேரோடு இரண்டு எஞ்சினும் 5900. இரண்டு முள்ளும் ஒன்றாக ஏறியதை இந்தப் படகில் முதல் தடவையாகப் பார்த்தேன், அப்படி ஒரு சந்தோஷம். வேகம் 58, பழைய அதே வேகம். எட்டுப் பேரோடு 5600, வேகம் 54. முன்பு 52. உப்புக்காற்று அண்ணா சொன்னதுபோலவே பாரத்தில் வேகம் கூடித்தான் இருக்கிறது. ஆனால் இறுக்கித் திரும்பினால் வெளிப்பக்க எஞ்சின் கத்துகிறது, சுற்று சட்டென்று 6000-ஐத் தாண்டுகிறது.

இரண்டாவது ஜோடி நாலு இறக்கை ஸ்டீல், அதுவும் 15. இரண்டு பேரோடு 5750, வேகம் 57. எட்டுப் பேரோடு 5500, வேகம் 53. உச்சத்தில் ஒரு கிலோமீட்டர் போயிற்று. ஆனால் நிற்கும் படகு எழுந்து ஓட முன்பு ஒன்பது பத்து விநாடி ஆகும், இப்போது ஆறு. எழுந்த பிறகு 24 கிலோமீட்டர் வரை குறைத்தாலும் உட்காரவில்லை. மூன்று இறக்கையில் 28-க்குக் கீழே போனாலே மூக்கைத் தூக்கும். அலையில் திரும்பினேன், இரண்டு எஞ்சினும் ஒரே குரலில் ஓடுகின்றன.

நாலு இறக்கையைத்தான் வாங்கப் போகிறேன்.

நீரோட்டம்:
ஸ்டீல்! மகிழ்ச்சி. கியர் போடும்போது முன்பைவிடச் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும், எடை அதிகம் இல்லையா, பயப்படாதீர்கள். மெதுவாகத் தள்ளாமல் ஒரே அடியாகச் சட்டென்று கியர் போடுங்கள், அதுதான் கிளட்ச்சுக்கு நல்லது. அரிப்பைத் தாங்கிக் கரைகிற துத்தநாகத் தகடுகளையும் அடிக்கடி பாருங்கள், பாதி கரைந்தால் மாற்றிவிடுங்கள்.

வலைக்காரி:
24-இல் உட்காரவில்லை என்பதைப் படித்ததும் எனக்கே ஆசையாக இருக்கிறது. மோசமான கடலில் அந்த நாலு கிலோமீட்டர் முதுகெலும்பைக் காப்பாற்றும். என் பாறைத் தண்ணீருக்கு நாலு இறக்கை அலுமினியம் தேட வேண்டும்.

புதுத்துடுப்பு:
நானும் மேசையில் வைத்துப் பார்த்தேன். ஒன்று வலமாக ஏறுகிறது, ஒன்று இடமாக. கேட்காமல் வாங்கியிருந்தால் தவறாகப் போயிருக்கும், நன்றி ஐயா.

கரையோரன்:
கடைசியாக ஒரு கேள்வி. பழைய 17 இரண்டும் கெட்டுவிட்டன. உதிரியாக என்ன வைத்துக்கொள்வது?

உப்புக்காற்று:
அந்த இரவல் அலுமினியம் 15 ஜோடியை உங்களுக்கே கொடுப்பார்களா என்று கேளுங்கள், வீடு சேர அது போதும். கட்டாயம் இரண்டு சுற்றிலும் ஒவ்வொன்று வேண்டும், கடலில் எந்தப் பக்கம் இடிக்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றோடும் ஒரு நட்டு, அந்தப் புரொப்பல்லருக்குப் பொருந்தும் த்ரஸ்ட் வாஷர், இரண்டு காட்டர் பின், கொறடா, நட்டு அளவுக்குச் சாவி, ஒரு மரக்கட்டை எல்லாம் ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். நட்டு விரலிலிருந்து நழுவினால் கடலடிக்குத்தான் போகும், அதனால்தான் தனி நட்டு.

புது ஜோடியை மாட்டியதும் பெயின்ட் மார்க்கரால் ஹப்பின் உள் வளையத்திலிருந்து வெளி உருளை வரை நேராக ஒரு கோடு போடுங்கள். அடுத்த முறை எதிலாவது இடித்தால் முதலில் அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் ஹப் வழுக்கிவிட்டது.

கரையோரன்:
கேட்டேன், கொடுத்துவிட்டார். வலச்சுற்று உதிரியை வலப்பக்க இருக்கைக்கு அடியிலும், எதிர்ச்சுற்றை இடப்பக்க இருக்கைக்கு அடியிலும் தனித்தனிப் பையில் கட்டி வைத்தாயிற்று, இருட்டிலும் தடவி எடுக்கலாம். கோடும் போட்டுவிட்டேன், வெள்ளை நிறத்தில். இன்று காலை முதல் பயணம் போய் வந்து தூக்கிப் பார்த்தேன், இரண்டிலும் கோடு நேராகவே இருக்கிறது.